எழுதச் சொல்லிக்கொடுக்க நான் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? (கொங்குப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்)

தடப்பள்ளி
ஞாயிறு, இரவு 9:10

வணக்கமுங்க. கோபிக்கு (கோபிசெட்டிபாளையம்) பக்கத்தில் வாய்க்கால் பாசன ஊர் ஒன்று. எம்.ஏ. தமிழ் முடித்தேன். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய், பொழுதோட ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு ஐந்தாவது படித்த பிள்ளைகள் எட்டுப் பேர் இப்போது ஒன்பதாவது வந்தும் எங்கள் வீட்டுத் திண்ணையை விடவில்லை. அவர்களுக்குத் தமிழ்க் கட்டுரைதான் தகராறு.

போன மாதம் "என் ஊர்" என்று எழுதச் சொன்னேன். ஒரு பையன் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். அவ்வளவு எழுதுகிறவனே இல்லை. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து 43 வட்டம் போட்டேன். போட்டு முடித்தபோது ஏதோ பெரிய வேலை செய்தமாதிரி எனக்கே திருப்தி. அடுத்த வாரம் அதே பையன் நான்கு வரி எழுதி வந்தான். அதில் ஒரு பிழை இல்லை. எங்கள் ஊரும் அதில் இல்லை.

இலக்கணம் எனக்குத் தெரியும், புத்தகத்தைப் பார்த்து நடத்தவும் முடியும். எழுதுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. எனக்கு யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. இதை எப்படிப் பழகுவது?

ஊத்துக்குளி வெண்ணெய்
ஞாயிறு, இரவு 9:32

ரொம்ப யோசிக்கிறீர்கள். பத்தாவது தமிழ்த் தேர்வில் கட்டுரை எட்டு மதிப்பெண் சமாச்சாரம். முன்னுரை, நான்கு உள்தலைப்பு, நடுவில் ஒரு குறள், முடிவுரை. பத்துத் தலைப்புக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். என் மூத்த பெண்ணுக்கு அப்படித்தான் செய்தோம், நல்ல மதிப்பெண். பையன் என்ன எழுத்தாளனா ஆகப்போகிறான்?

செக்கிங் டேபிள்
ஞாயிறு, இரவு 10:15

வெண்ணெய் அண்ணா, உங்கள் பெண் இப்போது லீவு லெட்டர் சொந்தமாக எழுதுமா? சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தடப்பள்ளி அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. எனக்கும் கட்டுரைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்த 43 வட்டம் எனக்குத் தெரிந்த கதை. தப்பு இருக்கிற இடத்தில் நாங்கள் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவோம். புதிதாக வந்தபோது கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்டினேன். ஸ்டிக்கர் நிறைந்த பீஸைக் கையில் வாங்கிய டெய்லருக்கு எதை முதலில் சரிசெய்வது என்றே தெரியாது. மொத்தத்தையும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள்.

அப்போது எங்கள் பழைய சூப்பர்வைசர் சொன்னது இது. ஒரே மாதிரித் தப்பு மூன்று பீஸில் வந்தால் ஸ்டிக்கரைக் கீழே வைத்துவிட்டு மிஷினுக்கு நடந்து போ. ஊசி மழுங்கியிருக்கும், நூல் இழுவை ஏறியிருக்கும், இல்லை அந்தப் பெண் இரண்டு நாளாக ஓவர்டைம் பார்த்திருக்கும். அங்கே சரிசெய்தால் அப்புறம் வருகிற முந்நூறு பீஸும் சரியாக வரும்.

43 தப்பும் 43 வகையா, இல்லை நாலைந்து வகை திரும்பத் திரும்ப வந்ததா? நோட்டு கையில் இருந்தால் எண்ணிப் பாருங்கள்.

சீனாபுரத்தான்
திங்கள், காலை 5:50

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பெருந்துறைக்குப் பக்கம். அம்மிணி, உங்கள் கேள்வி பழைய கேள்வி. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் சீனாபுரத்துக்காரர் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. (அவர் ஊராகச் சொல்லப்படும் சனகாபுரம் எது என்பதில் வேறு கருத்தும் உண்டு. எங்கள் ஊரில் வந்து அதைச் சொன்னால் காபி கிடைக்காது.) அவர் எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று பாயிரத்தில் சொல்லிவிட்டார். நாம் பள்ளியில் அதை மனப்பாடப் பகுதியாகத் தாண்டி வந்துவிட்டோம்.

ஆகாத ஆசிரியருக்கு நான்கு உவமை சொல்கிறார். கழற்குடம்: கழற்சிக்காயைக் குடத்தில் போட்டுக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, வந்தபடி வந்து விழும். மடற்பனை: கருக்குமட்டை வெட்டாத பனை, கிட்டப் போனால் கிழிக்கும். பருத்திக் குண்டிகை: வாய் குறுகிய பாத்திரத்தில் அடைத்த பஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும், வெளியே எடுப்பதும் அப்படியே. முடத்தெங்கு: நம் தோட்டத்தில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும் வளைந்த தென்னை.

34 வருடப் பணியில் நான் மடற்பனையாகத்தான் இருந்தேன். கட்டுரை நோட்டை மேசைமேல் வீசுகிற பழக்கம் உண்டு. பிள்ளைகள் பிழைக்குப் பயந்து தெரிந்த சொல்லை மட்டுமே எழுதினார்கள். நானும் அதை முன்னேற்றம் என்று நினைத்தேன். உங்கள் பையனின் நான்கு வரி மாதிரி எத்தனை நோட்டுக்கு "நன்று" போட்டிருப்பேனோ.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றமும் அதே பாயிரத்தில் இருக்கிறது. அதில் எழுத்துப் பிழைக்கென்று ஒரு குற்றம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வழூஉச் சொல் என்று சொல்லளவில் ஒன்று வருகிறது. மற்றவை குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்க வைத்தல் என்று சொல்லும் முறையைப் பற்றியவை. பிள்ளைகளிடம் நான் அதிகம் கண்டது "சென்று தேய்ந்து இறுதல்". முன்னுரை ஆற்று வெள்ளம் மாதிரி வரும், முடிவுக்குப் போனால் நூல் மாதிரி ஓடும். நான் ஒருநாளும் அதற்கு வட்டம் போட்டதில்லை. ஒற்று விட்டதற்குத்தான் போட்டேன்.

ஊத்துக்குளி வெண்ணெய்
திங்கள், காலை 8:05

ஐயா, நன்னூல் சொல்வது புலவர்கள் எழுதும் நூலுக்கு. ஒன்பதாவது படிக்கிற பையனின் நோட்டுக்குப் பத்துக் குற்றத்தையும் பார்த்தால் 43 போய் 143 ஆகிவிடும்.

சீனாபுரத்தான்
திங்கள், காலை 8:40

அதுவும் சரிதான். பையனிடம் பெயரைச் சொல்ல வேண்டாம். அம்மிணி மனதில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒன்றைப் பார்த்தால் போதும்.

ஆழியாறு
திங்கள், மதியம் 1:20

சொந்த ஊர் ஆனைமலைப் பக்கம். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனபோது கல்லூரியின் எழுத்து மையத்தில் இரண்டு வருடம் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் இப்படி ஓர் இடம் உண்டு. மாணவர் தன் கட்டுரையோடு வருவார், பயிற்றுநர் அரை மணியோ முக்கால் மணியோ உடன் உட்காருவார். மதிப்பெண் போடுகிறவர் வேறு, இவர் வேறு.

முதல் வாரம் எனக்குச் சொன்னவை மிகச் சாதாரணமானவை. எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். தாள் மாணவர் முன்னால் இருக்கட்டும், பேனாவும் அவர் கையில்தான். அவரையே சத்தமாகப் படிக்கச் சொல். எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் யார் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள்? ஆனால் படிக்கும்போது அவர்களே தடுக்கி நிற்பார்கள். வினைமுற்று இல்லாமல் ஓடிய வாக்கியத்தில் மூச்சு வாங்கும். எழுதாமல் விட்ட சொல்லை வாய் தானாகச் சேர்த்துச் சொல்லும். அந்த இடத்தில் நான் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். முதல் ஆறு மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் வரிசை. முதலில் என்ன சொல்ல வருகிறார், யாருக்குச் சொல்கிறார், எது முன்னால் எது பின்னால். எழுத்துப் பிழை, ஒற்று எல்லாம் கடைசி. நாளைக்கு அடித்துவிடப்போகும் பத்தியில் இன்றைக்கு ஒற்றுத் திருத்தி என்ன பயன்?

திருப்பூர்த் தம்பி சொன்னதைப் படித்தபோது ஒருவர் ஞாபகம் வந்தது. 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், பள்ளிப் படிப்பு முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அதைச் சேர்ந்த சிட்டி காலேஜுக்கு, வீட்டில் யாருமே கல்லூரி பார்க்காத பிள்ளைகள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய எழுத்தைப் பார்த்துப் பல ஆசிரியர்கள் இவர்களுக்கு எழுதவே வராது என்றார்கள். அங்கே மினா ஷானசி என்ற ஆசிரியை நான்காயிரம் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். 1977-இல் அவர் எழுதிய புத்தகத்தில் சொன்னது, இந்தப் பிழைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதுதான். அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு விதிப்படிதான் எழுதுகிறது, அந்த விதி என்ன என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பூரில் மிஷினுக்கு நடந்து போகிறீர்கள், அவர் நான்காயிரம் நோட்டுக்கு நடந்திருக்கிறார்.

அதனால் அந்த 43-ஐப் பிரித்துப் போடுங்கள். எனக்கும் பார்க்க ஆசை.

தடப்பள்ளி
திங்கள், இரவு 10:30

எண்ணினேன். நோட்டைத் திரும்ப வாங்க வெட்கமாகத்தான் இருந்தது.

சந்தி விட்டது 14. ல, ள, ழ குழப்பம் 6. "மாடுகள் வந்தது" மாதிரி ஒருமை பன்மை 5. சில்லறை 6. பாக்கி 12-ம் ஒரே சொல். "என்ற" என்று சம்பந்தமில்லாமல் எழுதியிருக்கிறான். "என்ற அப்புச்சி வாய்க்காலுக்குப் போவார்" (அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா), "என்ற ஊட்டுக்குப் பின்னால" என்று இப்படி. "என்ற" என்றால் முன்னால் ஒரு பெயர் வர வேண்டுமே, "முருகன் என்ற பையன்" என்பதுபோல. வாக்கியம் முழுமை இல்லை என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டு ஓரத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறேன்.

காங்கேயம் காளை
திங்கள், இரவு 10:41

அக்கா!!! நீங்க கோபிதானுங்களா? "என்ற அப்புச்சி"ன்னா என் அப்புச்சிங்க! என்ற, உன்ற, அவன்ற. வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வீர்களே.

தடப்பள்ளி
திங்கள், இரவு 10:58

இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவிடம் இன்று காலைகூட "என்ற செல்லு எங்கே"ன்னுதான் கேட்டேன். பேனா கைக்கு வந்ததும் காது அடைத்துவிட்டது. அவன் பன்னிரண்டு தடவை "என்" என்று எழுதியிருக்கிறான், நான் பன்னிரண்டு தடவை "என்ன உளறுகிறாய்" என்று கேட்டிருக்கிறேன்.

ஆழியாறு
திங்கள், இரவு 11:15

இதைத்தான் சொன்னேன். பன்னிரண்டு வட்டமும் இப்போது ஒரே பேச்சாகிவிட்டது. "வீட்டில் என்ற, தேர்வுத்தாளில் என்." அரை நிமிடம் ஆகுமா?

மெய்ப்பு
செவ்வாய், காலை 11:00

கோவையில் பதிப்பக வேலை, மெய்ப்புத் திருத்துவேன். முதலில் ஓர் எச்சரிக்கை: எங்களை மாதிரி ஆட்களிடம் பிள்ளைகளை விடாதீர்கள். எங்கள் கை தானாகத் திருத்திவிடும். தாள் சுத்தமாகும், பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது. என் மகன் கட்டுரையை நான் திருத்திக் கொடுத்து அவன் பரிசு வாங்கியிருக்கிறான். யாருக்குக் கிடைத்த பரிசு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த 14 சந்திக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வலி மிகும் இடம், மிகா இடம் என்று முழுப்பட்டியலையும் எடுத்துப் போடாதீர்கள், பெரியவர்களே மிரளுகிறார்கள். இரண்டே இடம் போதும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பிறகு: அந்தப் பையன், இந்தக் காடு. ஐ, கு என்று முடியும் சொல்லுக்குப் பிறகு: மாட்டைப் பிடித்தான், ஊருக்குப் போனான். இவை இரண்டும் பழகினால் பாதிக்கு மேல் குறையும். மற்றவை படிக்கப் படிக்க வரும்.

வட்டார வழக்கு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. "என்ற"வைக் கட்டுரையில் விடக் கூடாது. பெரிய ஊருக்குப் போனால் பிள்ளையைத்தான் சிரிப்பார்கள், நம்மை அல்ல.

சீனாபுரத்தான்
செவ்வாய், மாலை 4:20

இதில் நான் மாறுபடுகிறேன். இட்டேரி, தொண்டுப்பட்டி (மாடு அடைக்கும் இடம்), நோம்பி (பண்டிகை), ஒறம்பரை (உறவினர்). இந்தச் சொற்களை எடுத்துவிட்டு எங்கள் பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றி எழுத முடியுமா? இட்டேரிக்குப் பதில் "வேலியிட்ட பாதை" என்று எழுதினால் அதில் முள் எங்கே, ஓணான் எங்கே? "என்ற" இலக்கணம் சேர்ந்தது, அது மாறட்டும். பெயர்ச்சொல் அந்த மண்ணோடு வந்தது, அது இருக்கட்டும். இரண்டையும் ஒரே சிவப்பில் அடிப்பதுதான் நாங்கள் செய்த தப்பு.

மெய்ப்பு
செவ்வாய், மாலை 5:02

பெயர்ச்சொல் வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா.

ஊத்துக்குளி வெண்ணெய்
செவ்வாய், இரவு 9:00

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள். எட்டுப் பிள்ளை, ஆளுக்கு அரை மணி என்றால் நான்கு மணி நேரம். அக்காவிடம் இருப்பது ஒன்றரை மணி. அமெரிக்காவில் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள், இங்கே திண்ணை. அப்புறம், பரிட்சை என்று ஒன்று வரத்தான் போகிறது. முன்னுரை முடிவுரை போடாதவனுக்குத் திருத்துகிறவர் மதிப்பெண் குறைப்பார். அது நிஜம்.

சீனாபுரத்தான்
புதன், காலை 6:10

வெண்ணெய் சொல்வது நியாயம், தள்ளிவிட முடியாது. பரிட்சைக் கட்டுரையின் சட்டகத்தை ஜனவரியில் பத்து நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம், நான் செய்திருக்கிறேன். சொல்ல ஏதாவது வைத்திருக்கிற பிள்ளைக்கு அந்தச் சட்டகம் சுலபம். ஒன்றும் இல்லாத பிள்ளைக்குத்தான் மனப்பாடம் தேவைப்படுகிறது.

நேரத்துக்கும் பவணந்தியாரிடமே ஒரு வழி இருக்கிறது. ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால்பங்குதான் வரும் என்கிறார். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைப்பங்கு தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. அதனால் ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளையோடு நீங்கள் உட்காருங்கள். மற்ற ஆறும் இரண்டிரண்டாக ஒருவருக்கொருவர் படித்துக் காட்டட்டும். கேட்கிற பிள்ளைக்கு ஒரே வேலை: எனக்கு எந்த இடம் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். பிழை பிடிக்கக் கூடாது. அந்த அரைப்பங்குக் கணக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் அம்மிணி.

செக்கிங் டேபிள்
புதன், இரவு 11:45

ஒன்று விட்டுவிட்டேன். மிஷினுக்குப் போனால் முதலில் "ஏன் இப்படித் தைத்தாய்"ன்னு கேட்கக் கூடாது. கேட்டால் அழுகைதான் வரும். "ஒரு பீஸ் தைத்துக் காட்டு கண்ணு, பார்க்கிறேன்" என்று நின்றால் தப்பு தானாகத் தெரியும்.

தடப்பள்ளி
ஞாயிறு, இரவு 8:45 (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் நன்றாக நடக்கவில்லை.

அந்தப் பையனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "என்ற" எனக்குப் புரியாமல் போனதைச் சொன்னதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. பழைய ஒன்றரைப் பக்கத்தையே படிக்கச் சொன்னேன். நான் கையைக் கட்டிக்கொண்டேன், நிஜமாகவே. "மாடுகள் வந்தது" என்ற இடத்தில் அவனே நின்று, "வந்தன இல்லீங்க்கா?" என்றான். ஐந்தில் மூன்றை அவனே பிடித்தான். எனக்குத்தான் பொறுமை இல்லை. பாதியில் பார்த்தால் பேனா என் கையில் இருக்கிறது. எப்போது வாங்கினேன் என்று தெரியவில்லை.

கொடிவேரியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளை ஒரே வரியில் எழுதியிருந்தான். "அன்று நான் பள்ளிக்குச் செல்லவில்லை." ஏன் என்று கேட்டேன். அவன் பேச ஆரம்பித்தான். முதல் தண்ணீர் வருவதைப் பார்க்க அப்புச்சி அவனை விடியற்காலையில் கூட்டிப் போனாராம். தண்ணீருக்கு முன்னால் சருகும் நுரையும் உருண்டு வருமாம், அதற்கும் முன்னால் எலிகள் ஓடுமாம். அப்புச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம். வாய்க்கால் ஓரத்தில்தான் நானும் வளர்ந்தேன், எலி ஓடுவதை நான் பார்த்ததில்லை. "இதை ஏன் எழுதலை?" என்றேன். "இதெல்லாம் எழுதலாமுங்களா?" என்றான். மறுநாள் இரண்டு பக்கம்.

இன்னொரு பெண்ணிடம் தோற்றேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை. நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க, கடைசியில் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "அக்கா, எது தப்புன்னு சொல்லீருங்க, நான் மாத்திக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டேன். அது சரியா தப்பா தெரியவில்லை.

இரண்டிரண்டாகப் படிப்பது முதல் வாரம் அரட்டையாகப் போனது. இரண்டாம் வாரம் பரவாயில்லை.

ஆழியாறு
ஞாயிறு, இரவு 9:20

அந்தப் பெண்ணிடம் சொன்னது தப்பில்லை. எனக்கும் கேள்வியாகவே கேட்கிற வியாதி இருந்தது. விடை நம்மிடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் கேள்வி விளையாட்டு காட்டுவதாகிவிடும். விதியை நேராகச் சொல்லலாம். என்ன சொல்ல நினைக்கிறாள் என்பதை மட்டும் அவளிடமே கேளுங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய்
ஞாயிறு, இரவு 9:48

எலி ஓடிய கட்டுரை நன்றாக இருக்கும்போல. என் சின்னவள் எட்டாவது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பத்தாவது நிமிடத்தில் கத்திவிட்டேன். எத்தனை நாளில் பழகும்?

சீனாபுரத்தான்
திங்கள், காலை 5:40

நானே எழுபதைத் தாண்டிவிட்டேன். பேத்தியிடம் போன வாரம் நோட்டை வீசவில்லை, ஆனால் கை ஓங்கியது.

அம்மிணி, ஒன்று கேட்க வேண்டும். அந்த இரண்டு பக்கத்தில் "என்ற"வைப் பையன் என்ன செய்தான்?

தடப்பள்ளி
திங்கள், இரவு 9:05

தான் எழுதுகிற இடமெல்லாம் "என்" என்று மாற்றிவிட்டான் ஐயா. அப்புச்சி பேசுகிற ஒரு வரி வருகிறது, "என்ற அய்யன் காலத்துல இந்தத் தண்ணி மார் வரைக்கும் வரும்" என்று. அதை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே விட்டிருக்கிறான். குறி போடச் சொல்லி நான் சொல்லவில்லை.

கடைசிப் பத்தியில் ஓரிடத்தில் மறந்து "என்ற ஊர்" என்று வந்திருக்கிறது. பார்த்தேன். நாளைக்கு அவனைப் படிக்கச் சொல்கிறேன்.